ஆறு ஓகிளாக்குக்கும் ஆறு மணிக்கும் நடுவே

அம்மா இடுப்பில் சீப்பைச் செருகிக்கொண்டு குழாயடியில் நிற்கிறாள். இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வருகிறது. அதில் நிலக்கரி, தார், கருவாடு எல்லாம் கலந்த ராயபுரத்து வாசனை. குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைக்கிறது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. காது ஹார்பர் பக்கம் இருக்கிறது.

நான் தெருமுனையில் காவல். கல்யாண வயசுப் பெண், கையில் காலி வாளியோடு, என்னவோ வேலையாக நிற்கிறவள் மாதிரி நிற்கிறேன். ஒரு கண் மாதா கோயில் பக்கம், ஒரு கண் பட்டறை ரோட்டுப் பக்கம்.

சங்கு ஊதுகிறது. முதலில் ஒரு கரகரப்பு, பிறகு நீளமாக ஒரே குரல். கூரை மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து, சுற்றி, மறுபடி அதே இடத்தில் உட்காருகின்றன. கப்பல் பட்டறை கேட்டை இழுத்துச் சாத்தியிருப்பார்கள். இனிமேல் எந்த ஆம்பிளையும் வெற்றிலைப் பையை மறந்தேன், சோற்றுத் தூக்கை மறந்தேன் என்று திரும்பி வரமுடியாது.

எதிர் வரிசையில் ஒரு கதவு திறக்கிறது. என் அக்கா ரெஜினா, அவிழ்த்த தலையும் பிள்ளைத்தாய்ச்சி வயிறுமாக, குடமே எடுக்காமல் தண்ணீருக்கு வருகிறாள்.

எத்தனையோ வருஷம் ஓடிப்போயிற்று. இப்போது மாதவரத்தில் மகள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். சில நாள் அந்தக் குழாய்த் தண்ணீர் என் காலில் படுகிற மாதிரிகூட இருக்கும். விழித்துப் பார்த்தால் மின்விசிறிக் காற்று.

ஓகிளாக் ஊதுமா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் 'காலையில் ஓகிளாக் ஊதியதும்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓகிளாக் எப்படியம்மா ஊதும், அது இங்கிலீஷில் மணி சொல்கிற வார்த்தையாயிற்றே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் பேரனும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். எங்கள் தெருவில் அது ஊதத்தான் செய்தது.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. நேரம் காது வழியாகத்தான் வரும். பட்டறைச் சங்கு சொல்கிற நேரத்துக்கு ஓகிளாக் என்று பேர். சங்குக்கே அந்தப் பேர்தான். "ஓகிளாக் ஊதிட்ச்சா?" என்றால் சங்கு ஊதியாயிற்றா என்று அர்த்தம். மாதா கோயில் மணி சொல்கிற நேரத்துக்கு மணி என்று பேர். ஆறு ஓகிளாக் வேறு, ஆறு மணி வேறு.

ஓகிளாக் முன்னால் வரும். மணி பின்னால் வரும். நடுவே பத்து நிமிஷம் இருக்குமோ, கொஞ்சம் குறையுமோ, கடிகாரமில்லாத தெருவில் யார் கண்டது? ஆம்பிளைகள் ஓகிளாக்கில் இருந்தார்கள். பொம்பிளைகள் மணியில் இருந்தோம். பட்டறைக்குச் சோறு ஓகிளாக் பார்த்துப் போகும். ஜெபமும் ஞானஸ்நானமும் மணி பார்த்து நடக்கும். கான்வென்ட் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கும் எனக்கும் வேலை, அதுவும் மணிதான். பிறந்ததிலிருந்து இப்படியே இருந்ததால் இதில் ஒரு கோணலும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் இப்படி என்றால் அது எங்கள் கோயில்பிள்ளை அந்தோணியால் வந்தது. கோயில்பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து மூடி, மெழுகுத்திரி ஏற்றி, மணி அடிப்பவர். முன் காலத்தில் மெட்ராஸுக்கென்று தனி நேரம் இருந்ததாம். ரயிலெல்லாம்கூட அந்த நேரத்தில்தான் ஓடியதாம். பிறகு துரைமார் தேசம் முழுக்க ஒரே நேரம் என்று வைத்தபோது பட்டறையும் ரயிலடியும் மாறிக்கொண்டன. அப்போதிருந்த பெரிய சாமியார், கோயில் கடியாரத்தில் நான் சொல்லாமல் கைவைக்காதே என்று அந்தோணியிடம் சொல்லியிருந்தார். அப்புறம் சொல்லாமலே செத்துப்போனார். அந்தோணி கைவைக்கவில்லை.

மிஸ் சொன்ன அர்த்தம்

கான்வென்ட்டின் ஏழைப் பள்ளியில் நான் கொஞ்ச காலம் படித்தேன். எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மிஸ் ஒரு சட்டைக்காரப் பெண், அதாவது ஆங்கிலோ இந்தியர். முழங்கால் வரை கவுன், மூக்கில் பவுடர், வாயில் எங்களைவிட சுத்தமான ராயபுரத்துத் தமிழ்.

ஒருநாள் பலகையில் ஓகிளாக் என்று இங்கிலீஷில் எழுதினார். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் ஒரு சின்னக் கொக்கி போட்டார். இது ஒரு வார்த்தையில்லை, தேய்ந்துபோன மூன்று வார்த்தைகள், சொல்லிச் சொல்லி நடுவில் உள்ளது உதிர்ந்துவிட்டது, உதிர்ந்த இடத்துக்கு அடையாளம்தான் கொக்கி என்றார். முழுசாகச் சொன்னால் 'கடிகாரத்தினுடைய' என்று அர்த்தமாம். சிக்ஸ் ஓகிளாக் என்றால் கடிகாரத்தினுடைய ஆறு. சரியாக அந்த மணி நிறையும்போது மட்டும்தான் சேர்க்க வேண்டும், ஆறரைக்கும் ஆறே காலுக்கும் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்படியானால் கடிகாரத்தினுடையதாக இல்லாத ஆறு ஒன்று இருக்கிறதா மிஸ் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் சீமையில் சூரியனைப் பார்த்து ஒரு நேரம், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நேரம் இருந்திருக்க வேண்டும், எந்த நேரம் என்று தெரிவதற்காகத்தான் அப்படிச் சொல்லப் பழகியிருப்பார்கள் என்றார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எங்கள் தெரு மாதிரியே சீமையிலும் ஒரு தெரு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சப்பரத் தண்டு

இப்போது அக்கா ஏன் திருடி மாதிரி வந்தாள் என்பதைச் சொல்லவேண்டும்.

அக்காவை எதிர் வரிசையிலேயே ஆரோக்கியம் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். எங்கள் அப்பா நைனாவும் மாமாவும் ஒரே பட்டறை. கல்யாணம் ஆன புதிதில் இரண்டு வீடும் ஒரே வீடாக இருந்தது. எங்கள் குழம்பு அங்கே போகும், அவர்கள் மீன் இங்கே வரும்.

மாதா திருவிழாவில் சப்பரம் தூக்குவார்கள். வலது பக்க முன் தண்டு மாமாவின் அப்பாவுடைய இடம். அவர் காலமானதும் அது மாமாவுக்கு வரவேண்டியது. அந்த வருஷம் பட்டறையில் கப்பல் வேலை முடியாமல் மாமாவை நிறுத்திவைத்துவிட்டார்கள். சப்பரம் புறப்படுகிற நேரம் வந்துவிட்டது, தண்டில் ஆள் இல்லை, மாதா காத்துக்கொண்டு நிற்கிறாள். நைனா நல்ல மனசோடுதான் தோளைக் கொடுத்தார்.

மாமா கரி அப்பின கையோடு ஓடி வந்தார். செத்துப்போன தன் அப்பாவின் இடத்தில் மாமனார் நிற்பதைப் பார்த்தார். தண்டை மாற்றிக்கொடுக்க நைனா திரும்பினபோது மாமா அங்கே இல்லை. அன்று சாயங்காலம் தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னிலருந்து அந்த வூட்டு ஆளுங்ககூட என் வூட்ல யாரும் பேசக் கூடாது, மாதா மேல ஆணை" என்று சொல்லிவிட்டார். நைனாவுக்கும் ரோஷம். போடா என்றுவிட்டார்.

இரண்டு ஆம்பிளைகள் முறைத்துக்கொண்டார்கள், நடுவில் என் அக்கா மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வயிற்றில் அப்போதுதான் பிள்ளை தரித்திருந்தது.

மாமாவுக்கு மேலே ஒருத்தர் இருந்தார். அவருடைய அம்மா லூர்தம்மா அத்தை. ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சேலை, பேச்சு ரொம்பக் குறைவு. அவர் தெருவில் நடந்தால் வம்பு பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தண்டு அவருடைய புருஷனின் தண்டு. மாமாவைவிட அவருக்குத்தான் நைனா மேல் கோபம் அதிகம் என்று எல்லாரும் நினைத்தோம்.

பாதிப் பின்னல்

அத்தை விடியற்காலைப் பூசையைத் தவறவிடமாட்டார். பூசை முடிந்து, ஜெபமாலை சொல்லி, ஆறு மணிக்குத் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்த பிறகுதான் எழுந்து வருவார். கோயில் தெருக்கோடியில்தான் இருந்தது.

மாமா ஆறு ஓகிளாக்குக்குக் கேட்டுக்குள்ளே. அத்தை ஆறு மணி வரை கோயிலுக்குள்ளே. நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் யார் கணக்கிலும் இல்லாதது. அதில்தான் அம்மாவும் அக்காவும் குடித்தனம் நடத்தினார்கள்.

என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றுமேயில்லை. இன்னா துன்னே, வாந்தி நின்னுட்ச்சா, கால் வீங்குதா. அம்மா முந்தானையில் வறுத்த நெத்திலியோ புளி உருண்டையோ முடிந்து வைத்திருப்பாள். அக்கா அதை வாயில் போட்டுக்கொண்டு குழாய் மேடையில் உட்காருவாள். அம்மா பின்னால் நின்று அவளுக்குத் தலை வாரிப் பின்னுவாள். அக்காவுக்கு முழங்கால் தொடுகிற முடி. கான்வென்ட் நீலமும் கஞ்சியும் ஏறிய அம்மாவின் விரல் அந்த முடிக்குள்ளே போய்ப் போய் வருவதைப் பார்த்தால் எனக்கே தூக்கம் வரும். கடல் மேல் அப்போதுதான் வெளுக்கும். தூரத்தில் ஏதாவது ஒரு கப்பல் விளக்கை அணைக்கும். பின்னிக்கொண்டிருந்த அந்தப் பின்னலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நடக்காத மாதிரி இருக்கும்.

பின்னல் நுனிக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். ஒருநாள்கூட அம்மா ரிப்பன் கட்டி நான் பார்க்கவில்லை. அக்கா பாதியில் பிடுங்கிக்கொண்டு, மீதியைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவாள்.

தெருவில் மற்றப் பெண்களுக்கெல்லாம் இது தெரியும். குழாயடியில் அவர்களுக்கும் குடம் இருந்தது. ஆனாலும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் எல்லாரும் திரும்பி நின்று துணி பிழிந்தார்கள்.

மழையில் நின்ற பெட்டி

அந்த வருஷம் புதுச் சாமியார் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். வந்த கொஞ்ச நாளில் திருவொற்றியூர் பக்கத்திலிருந்து ஒரு பிரேதம் கொண்டுவந்தார்கள். செத்தது ஒரு தொழிலாளி. தூக்கி வந்தவர்களும் தொழிலாளிகள், ஓகிளாக் பார்த்துப் புறப்பட்டு, அடக்கத்துக்குச் சொல்லியிருந்த ஓகிளாக்குக்குச் சரியாக வந்து நின்றார்கள். கோயில் கேட் பூட்டியிருந்தது. நல்ல மழை.

உள்ளே அந்தோணி கோயில்பிள்ளை கடியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். திறங்கப்பா என்று கெஞ்சுகிறார்கள். அவர் கம்பி வழியாகக் கடியாரத்தைக் காட்டி, "இன்னும் மணி ஆவல" என்றார். பெட்டி மழையில் நனைந்தது. பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு செத்தவனுடைய பெண்சாதி நனைந்தாள். சாமியார் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டுக் குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். கடவுளுக்கு ஒரே நேரம்தான், நாளை திங்கட்கிழமையிலிருந்து கோயில் மணியும் ஓகிளாக்கும் ஒன்றாக அடிக்கும் என்றார். ஆம்பிளைகள் பக்கம் தலைகள் ஆடின. அதில் தப்பு என்ன இருக்கிறது? அந்தப் பெண்சாதி நனைந்ததை நானும் பார்த்தேன். எனக்கும் சாமியார் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

சாமியாரிடம் ஒரு வார்த்தை பேச நடுங்குகிற அம்மா, அன்று மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனாள். காரணத்தைச் சொன்னால் மாமா காதுக்குப் போய்விடும். அதனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். மணியை மாற்றினால் கோழி முட்டை போடாது என்றாள். கைக்குழந்தைகளுக்குத் தூக்கம் கெடும் என்றாள். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் என்னம்மா போய்விடப்போகிறது என்றார். அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டியதும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அங்கிருந்து அந்தோணியிடம் போனோம். அவர் கல்லறைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கடியார முள்ளைச் சாமியாரே தன் கையால் திருப்பிவிட்டாராம். "என் ஆயுசுலருந்து அத்தினி நேரத்த உருவிக்கினாரு தாயீ, நான் இன்னா பண்றது?" என்றார். அம்மா தன் துக்கத்தை விட்டுவிட்டு அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை

அம்மா இடுப்பில் சீப்போடு குழாயடியில் நின்றாள். பழக்கம்தான், வேறென்ன. நான் தெருமுனையில் நின்றேன்.

சங்கு கரகரத்தது. அதே மூச்சில் கோயில் மணியும் அடித்தது. இரண்டும் சேர்ந்து அடித்து நாங்கள் கேட்டதேயில்லை. கூரையில் காக்கைகள் எழுந்து, உட்காராமல் கடல் பக்கம் போய்விட்டன.

அக்கா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள் அப்படியே நின்றாள். அம்மா இந்தப் பக்கம். நடுவே தெரு, நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 

பூசை முடிந்து கிழவிகள் வந்தார்கள். முக்காடு முக்காடாகத் தெருவில் கலைந்து போனார்கள். லூர்தம்மா அத்தை மட்டும் வரவில்லை. இதோ வந்துவிடுவார் என்று அம்மா நகரவில்லை, அக்காவும் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வெள்ளைச் சேலை தெரிந்தது. நான் இருமினேன். அக்கா உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். எல்லாரும் வந்த பிறகும் அத்தையைக் காணோம். புதன்கிழமை அம்மாவுக்கு வேறு பயம் வந்துவிட்டது. வயசானவங்க, எங்கயாச்சும் மயக்கம் போட்டு வியுந்துட்டாங்களோ, போய்ப் பார்த்துட்டு வா என்றாள்.

நான் ஓடினேன். கோயிலுக்குள்ளே யாருமில்லை, மெழுகுத்திரிப் புகை மட்டும் இருந்தது. சுற்றிக்கொண்டு பக்கவாட்டுப் படிக்குப் போனேன். அத்தை அங்கே உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமாலை மணிக்கட்டில் சுற்றியிருந்தது, உதடு அசையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

உடம்பு சரியில்லையா அத்தே என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தெருமுனையில் வாளியோடு நிற்கிறவள் இவள்தானே என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணியும் இல்ல. எனக்கு இன்னும் மணி ஆவல, அவ்ளோதான்."

நான் புரியாமல் நின்றேன். அத்தை கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"மவன் மாதா மேல ஆணை வச்சிகீறான். வூட்ல நான் அத்த மீற முடியாது. கோயிலாண்ட வந்தவ எப்ப எய்ந்திருக்கணும்னு அவன் சொல்ல முடியாதில்ல. போயி உங்கம்மாகிட்ட சொல்லு. தெனம் பின்னல பாதியில வுட்டு அனுப்புது. இன்னிக்காவது முட்ச்சி அனுப்பச் சொல்லு."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தினம் காலையில் மருமகள் தலையில் அம்மாவின் பின்னலை, பாதியில் அவிழ்ந்து தொங்குகிற பின்னலை, அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் அதைக் கண்டுபிடிக்க யாரும் கோள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தை அப்படியே வழியவிட்டுவிட்டு, தெருவைத் தாண்டிப் போய் அக்காவைக் கைபிடித்து அழைத்து வந்தாள். மேடையில் உட்காரவைத்தாள். அவசரமில்லாமல் சிக்கெடுத்தாள். எண்ணெய் தொட்டாள். பின்னல் முதுகைத் தாண்டி, இடுப்பைத் தாண்டிப் போயிற்று. துணி பிழிந்துகொண்டிருந்த பெண்கள் அன்றைக்குத் திரும்பி நின்று பார்த்தார்கள். அம்மா நுனியில் ரிப்பனைக் கட்டினாள். அக்கா நுனியை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நிறைந்திருந்தது, வழிந்துவிட்டது.

வெயில் கூரைமேல் ஏறிய பிறகு அத்தை வந்தார். அன்று நான் இருமவில்லை. அக்கா எழுந்து போய்த் தன் வீட்டு வாசலில் நின்றாள். அத்தை குழாயடிப் பக்கம் திரும்பவே இல்லை, அங்கே யாரும் இல்லாத மாதிரி நேராக நடந்து போனார். வாசற்படியில் அக்காவின் பின்னல் நுனியைக் கையில் எடுத்து, ரிப்பனைப் பார்த்து, விட்டார்.

"நாளிக்காவது கொடத்த எடுத்துகினு போ" என்றார்.

எங்கள் தெருவில் ஆறு மணி அப்போதுதான் ஆயிற்று.